அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்

வாத்தியாரே,

இன்று காலை சாந்தோம் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரம்மா பழைய ஆங்கிலப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்ததும் குப்பென்று அந்த வாடை அடித்தது, கூடவே உன் நினைவும் வந்தது. சாக்பீஸ் தூளும் கருவாடும் கலந்து அடிக்கிற சட்டை இந்த மயிலாப்பூரிலேயே உன்னுடையது ஒன்றுதான். எவ்வளவு அத்தர் பூசினாலும் போகாது என்று என் அத்தர் புட்டியைக் காலி பண்ணியவன் நீ.

கருவாட்டைத் தட்டில் கொட்டிவிட்டுப் பேப்பரைக் கசக்கப் போனேன். அதில் ஒரு போட்டோ. தென்னை மரங்கள், வெள்ளை மணல், மூட்டை முடிச்சோடு படகில் ஏறும் பெண்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் தியேட்டரில் ஓட்டிய நியூஸ்ரீலில், அந்தச் செய்திப்படத்தில் வந்த அதே தீவு. அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதற்காக அமெரிக்காக்காரன் காலி பண்ணச் சொன்னானே, அதே ஜனங்கள். இனிமேல் பயமில்லை என்று சொல்லி, சில வருஷங்களுக்கு முன்னால் கொஞ்சம் குடும்பங்களைத் திரும்பவும் அங்கே குடிவைத்தார்களாம். அந்த மண்ணில் காய்த்த தேங்காயையும் அந்தக் கரையில் பிடித்த நண்டையும் தின்று, குண்டின் விஷம் அவர்கள் உடம்பில் ஏறிவிட்டது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் மறுபடியும் படகு.

கருவாடு தட்டிலேயே கிடக்கிறது. நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நாம் வேலை பார்த்த அந்தத் தியேட்டரை இடித்து இப்போது துணிக்கடை கட்டிவிட்டார்கள். நான் மேலே படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமில், நீ கீழே திரைக்கு ஓரமாக மைக்கோடு. பகலில் நீ மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் தியேட்டரில் இங்கிலீஷ் படத்துக்குத் தமிழ் சொல்கிறவன். தரை டிக்கெட்டுக்கு வருகிற ரிக்‌ஷாக்காரர், மீன்காரர், கொத்தனார் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் குதிரைச் சண்டைப் படம் என்றால் அவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் முதலாளி உன்னை வைத்திருந்தார். இந்த வேலை மட்டும் பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாதிரிச் சாமியாருக்குத் தெரியக்கூடாது என்று நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் கத்தினால் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நீ இடது கையைத் தூக்கினால் நான் படத்தின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். கையை இறக்கினால் ஏற்ற வேண்டும். நடுநடுவே உன் குசும்பு வேறு. "தோ வரான் பாரு நம்ம தொரை! குருதய கவனி, நம்ம ஆபரேட்டர் பாய் சைக்கிள் கணக்கா நொண்டிக்கினே வருது!" என்பாய். தரை டிக்கெட் மொத்தமும் திரும்பி, படம் வருகிற என் ரூம் ஓட்டையைப் பார்த்துச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே சத்தத்தை முழுக்க ஏற்றிவிடுவேன். நீ அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கும்பிடு போடுவாய். சோபா டிக்கெட்டில் ஒரு வக்கீல் மாமா வாராவாரம் சண்டைக்கு வருவார். "என்ன ஓய், இவன் இப்படிக் கத்திண்டிருக்கான்? ஒரு வார்த்தை காதுல விழமாட்டேங்கறதே!" என்று மானேஜரைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வாரமும் தவறாமல் வருவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ படத்தை மாற்றிவிடுவாய். திரையில் யாராவது செத்துப்போனால் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டாய். "அம்மா ஊருக்குப் போயிட்டாங்கபா" என்பாய். ஏனய்யா இப்படிப் புளுகுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாவம் பாய். நாளெல்லாம் லோல்பட்டுட்டு வந்து குந்திக்கினு கீறாங்க. சாவு சேதிய நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

அது எனக்கு நல்ல குணமாகத்தான் தோன்றியது.

உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம், கடலுக்கு நடுவில் அணுகுண்டு வெடிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தபோது ஊரில் பெரிய புரளி. கடல் பொங்கி லஸ் மூலை வரைக்கும் ஏறிவிடுமாம். என் சின்னம்மா பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக்கொண்டு பரங்கிமலைக்குப் போய், கொசுக்கடி தாங்காமல் மறுநாளே திரும்பி வந்தார். நீ அதை வைத்து அவரை ஓட்டாத ஓட்டு ஓட்டினாய். அந்தக் குண்டு நம் தியேட்டருக்கு வந்தது அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு நியூஸ்ரீல் டின்னில்.

புது டின் வந்தால் சனிக்கிழமை காலையில் காலி ஹாலில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம், நீ உன் தமிழைத் தயார் பண்ணிக்கொள்வதற்காக. முன் நாற்காலியில் கால் போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். வரிசையாக நிற்கிற போர்க் கப்பல்கள் வந்தன. கப்பல் தட்டில் கட்டிப்போட்ட ஆடுகள் வந்தன. நீ சிரிக்கிற சத்தம் மேலே எனக்குக் கேட்டது. அப்புறம் அந்தத் தீவு. மணலில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு அதிகாரி. உலக நன்மைக்காக இந்த இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார், அவர்கள் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள் என்று இங்கிலீஷ் குரல் சொல்கிறது. அவர்கள் பாடிக்கொண்டே கப்பலில் ஏறுகிறார்கள்.

"நிறுத்து பாய்!" என்று கத்தினாய்.

"நிறுத்துனா பிலிம் பத்திக்கும்யா!"

"அப்ப இன்னொரு தபா போடு!"

போட்டேன். மறுபடியும் கேட்டாய். விளக்கில் எரிகிற கார்பன் குச்சி என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா என்று திட்டிக்கொண்டே மறுபடியும் போட்டேன். படியேறி மேலே வந்தாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அந்த ஆபீசருக்குப் பக்கத்துல ஒருத்தன் குந்திக்கினு கீறானே, பாத்தியா பாய்?"

நான் பார்க்கவில்லை. அதிகாரி இருக்கும்போது பக்கத்தில் இருப்பவனை யார் பார்க்கிறார்கள்?

"தொரை இங்கிலீஷ்ல சொல்றத அவன்தான் அவங்க பாஷையில சொல்றான். அந்த சனங்க தொரையப் பாக்கவே இல்ல பாய். அவன் வாயத்தான் பாக்கறாங்க."

அன்றைக்குத்தான் எனக்கு முழுக் கதையும் சொன்னாய். உங்கள் குப்பம் அடையாறு ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் பீரங்கி வைப்பதற்காகக் காலி பண்ண வைத்தார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே ஓடின வருஷம் அது. மயிலாப்பூர் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. போனவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்து, மறுபடியும் மார்கழி பஜனை பாடினார்கள். உங்கள் குப்பத்துக்காரர்கள் மட்டும் திரும்பவில்லை. தரமணிப் பக்கத்துப் பொட்டலில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு, விடியுமுன் வலையைத் தலையில் சுமந்து கடலுக்கு நடந்தார்கள்.

அதிகாரி வந்து நின்றபோது குப்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். காலி பண்ணுங்கள் என்று அவர் சொன்னதை நீ தமிழில் சொன்னாய். உன் நைனா குப்பத்துப் பெரியவர். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். அதை இங்கிலீஷில் கேட்டாய். எங்களுக்குத் தேவைப்படுகிற வரைக்கும் என்று அதிகாரி சொன்னார். நீ திரும்பி அந்த ஜனங்களைப் பார்த்தாய். கைக்குழந்தையோடு உன் அக்காவும் நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் நைனா," என்று சொல்லிவிட்டாய்.

சினிமாவில் சொல்கிற பழக்கம் என்று என்னிடம் சொன்னாய். பாவம், அழப்போகிறார்களே என்று வாயில் வந்துவிட்டதாம். நீயும் பாதி அதை நம்பினாயாம்.

சண்டை முடிந்தது, பீரங்கி போனது, முள்கம்பி மட்டும் போகவில்லை. நீ ஆபீஸ் ஆபீஸாக அலைந்து விசாரித்தாய். அந்த இடம் சர்க்கார் கணக்கில் சேர்ந்துவிட்டது, திரும்பிக் கிடைக்காது என்று ஒரு குமாஸ்தா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதை உன் நைனாவிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் "இன்னாடா, எப்போ வுடுவானாம்?" என்று அவர் கேட்பார். "இன்னும் கொஞ்ச நாள்" என்று நீ சொல்வாய். குடிசைக்கு மண்சுவர் வைக்கக்கூட அவர் விடவில்லை. திரும்பிப் போகிறவனுக்குச் சுவர் எதற்கு என்பாராம்.

அந்த வாரம் விஷயம் முற்றிவிட்டது. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரத்தில் உங்கள் ஜனங்கள் குடியேற சாமியார் ஒரு இடம் பேசி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியென்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு குப்பத்துக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஆசை. உன் நைனா ஒருவர்தான் குறுக்கே நின்றார். வேறு கரைக்குப் போய்விட்டால் பழைய கரை நம்முடையது என்று எப்படிக் கேட்பது என்பது அவர் கட்சி. "எம் புள்ள வாயால கேட்டேன், கொஞ்ச நாளைக்குத்தான்னு தொரை சொன்னான்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு எதிரே யார் பேசுவது?

"சொல்லிடுய்யா," என்றேன் நான்.

"சொன்னா நைனா என் மூஞ்சில முழிக்க மாட்டாரு பாய்."

"சொல்லலன்னா?"

நீ படியிறங்கிப் போனாய். அன்று சாயங்கால ஆட்டத்தில் வழக்கம்போலவே கத்தினாய். திரையில் கடல் கிழிந்து குண்டு வெடித்த மேகம் எழும்பியபோது தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. ஒருத்தன் துண்டைத் தூக்கி எறிந்தான். நீ மைக்கை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் மத்தியான ஆட்டத்துக்கு உன் நைனாவும் குப்பத்து ஆட்களும் வந்தார்கள். நீதான் கூட்டி வந்திருந்தாய். உன் நைனா மேல் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தரையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார், மகன் மைக்கில் பேசுவதைக் கேட்கிற பெருமையோடு.

ஆடுகள் வந்தபோது நீ பழைய ஆளாகவே இருந்தாய். "அல்லாத்துக்கும் முடி வெட்டி எண்ணெ தடவிக் கட்டிக்கீறாங்க, மாப்ள கணக்கா! குண்டு வெடிச்சா ஆடு இன்னா ஆவுதுன்னு பாக்கணுமாம். இன்னா ஆவும்? பாய் வூட்டு பிரியாணி ஆவும்!" என்றாய். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தீவு வந்தது. உன் இடது கை உயர்ந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். கை இன்னும் மேலே போனது. முழுக்க அணைத்துவிட்டேன்.

"இவங்க மீன் புடிக்கிற சனங்க. நம்ம மாதிரி," என்றாய். குரல் மாறியிருந்தது. "எதிர்ல கீறவரு ஆபீசரு. எடத்தக் காலி பண்ணுங்கன்றாரு. பக்கத்துல ஒருத்தன் கீறான் பாருங்க, அவன் அத அவங்க பாஷையில சொல்றான். அவன் இன்னா சொல்றான்னு எனக்குத் தெரியாது. நான் இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியும். நைனா, அன்னிக்குத் தொரை கொஞ்ச நாளுன்னு சொல்லவே இல்ல. வேணுன்ற வரைக்கும்னான். கொஞ்ச நாளுன்னது நானு. அந்த எடம் நமக்குத் திரும்பி வராது நைனா."

சோபாவிலிருந்து வக்கீல் மாமா ஏதோ கத்தினார். உன் கை இறங்கவில்லை. நானும் சத்தத்தை ஏற்றவில்லை. குண்டு ஒரு சத்தமும் இல்லாமல் வெடித்தது. அவ்வளவு பெரிய மேகம், ஹாலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான். ஒரு விசில் இல்லை. எனக்கு அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்துப் பயம் வந்தது.

உன் நைனா எழுந்து வெளியே போனார். நீ மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாய். ஆபரேட்டர் ரூம் ஜன்னலுக்குக் கீழேதான் சைக்கிள் ஸ்டாண்டு. கடல் இரைச்சலில் கத்திப் பழகிய குரல் அவருக்கு, எனக்கு எல்லாம் கேட்டது.

"நாலு வருசமா எங்கள ஒக்கார வெச்சிட்டியேடா!"

விட்டார் ஒரு அறை. உன் மூக்குக் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. குப்பத்து ஆட்கள் யாரும் தடுக்கவில்லை. நீ நகரவும் இல்லை. அப்புறம் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தீவுக்காரங்க திரும்பிப் போவாங்களாடா?" என்று கேட்டார்.

"தெரியல நைனா. போவ மாட்டாங்கன்னுதான் நெனக்கிறேன்."

"நமக்கு நீ கீற, லேட்டா ஆனாலும் சொல்லிட்ட. அவங்களுக்கு யார்ரா சொல்லுவா?"

நீ கீழே குனிந்து கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் அழுதாய்.

சாயங்காலமே அவர் சாமியாரிடம் போய்ச் சரியென்று சொல்லிவிட்டார். மழைக்கு முன்னால் புதுக் கரையில் சுவர் வைத்து வீடு கட்டினார்கள். நியூஸ்ரீலுக்கு இனிமேல் தமிழ் வேண்டாம் என்று மானேஜர் சொன்னதும், எந்தப் படத்துக்கும் வேண்டாம் என்று நீயே நின்றுவிட்டாய். கிறிஸ்துமஸ் வரைக்கும் உன் நைனா உன்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் "வலைய அந்தாண்ட புடி" என்றாராம். அதைச் சொல்ல அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்தாய். நான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்து இன்னொரு நாள் அதே சைக்கிளில் வந்தாய். அந்தத் தீவுப் பக்கம் முன்னதைவிடப் பெரிய குண்டு வெடித்து, எங்கோ தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியிருந்தது. படகிலிருந்தவர்கள் நோயில் விழுந்தார்கள். உனக்கு அன்று வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "சோதனை, சோதனைன்றான் பாய். பரீட்சை வெக்கறது அவன். பெயில் ஆவறது மட்டும் வலை வீசப்போன எவனோ ஒருத்தன்," என்றாய். ஆபரேட்டர் ரூம் சுவரை ஓங்கிக் குத்தியதில் உன் கைதான் வீங்கியது.

நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ருஷ்யாக்காரன், வெள்ளைக்காரன், பிரான்சுக்காரன், சீனாக்காரன் என்று ஒவ்வொருவரும் வெடித்துப் பார்த்தார்கள். நாமும் பாலைவனத்தில் ஒன்று வெடித்தோம், இனிப்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் நியூஸில் அதிகாரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளைத்தான் தேடினேன். பெரும்பாலும் அவனைக் காட்டுவதில்லை.

இதையெல்லாம்விட உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வருஷம் என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் வாயைத் திறக்காதீர்கள் அத்தா என்று மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உள்ளே போனேன். "வூட்டுக்கு எப்பங்க போலாம்?" என்று அவள் கேட்டாள். கொஞ்ச நாள்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் உன் நைனா விட்ட அறை என் கன்னத்தில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வலித்தது.

"குணமாவாதாம்மா," என்றேன். "டாக்டரு சொல்லிட்டாரு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் வெளியே போய் அழுதாள், என்னோடு பேசவில்லை. பெரும் பாவம் செய்துவிட்டேன் என்று நினைத்து உன்னையும் சேர்த்துத் திட்டினேன். சாயங்காலம் அவள் திரும்பிப் படுத்தாள்.

"அப்ப இங்க இன்னாத்துக்கு? என்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க," என்றாள்.

அன்றைக்கே கூட்டி வந்தோம். அந்த ரம்ஜான் முடிகிற வரைக்கும் இருந்தாள். கஞ்சியில் உப்பு இல்லை என்று மருமகளைத் திட்டினாள், பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள், பக்கத்து வீட்டாரோடு இருந்த பழைய பிணக்கைத் தீர்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில், எங்கள் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே காத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

உன்
ஆபரேட்டர் பாய்